அறிவியல் புனைகதை வழியாக அரசுறவு பயில்வது எப்படி

சேலத்தில் கல்லூரி மாணவர்களுக்கு வாசிப்பு வட்டம் நடத்துவோர், உர்சுலா லெ குவின் 1969-இல் வெளியிட்ட ‘தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னெஸ்’ நாவலிலிருந்து தொடங்கலாம். அதில் பல உலகங்களின் கூட்டமைப்பு, பனி மூடிய ஒரு கோளுக்குப் படையை அனுப்பாமல், எவரையும் அச்சுறுத்த இயலாத ஒரேயொரு தூதரைத் தனியாக அனுப்புகிறது. அவரை அரசன் சந்தேகிக்கும் பகுதியை நிதானமாகப் படியுங்கள். பிறகு உறுப்பினர்களை அரசன், அமைச்சர், தூதர் எனப் பிரித்து, ஒவ்வொருவரும் தம் தரப்பின் அச்சத்தை முதலில் எழுதிய பின்பே கோரிக்கையைப் பேசச் செய்யுங்கள். எதிர்த்தரப்பின் அச்சம் அறியாத பேச்சுவார்த்தை வெறும் பேரமாகவே முடியும் என்று உறுதியாகக் கருதுகிறேன். அடுத்த அமர்வில், விண்வெளியை எந்த நாடும் தனதாக்கிக்கொள்ளக் கூடாது என்னும் 1967-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு, சேர்வராயன் மலையில் பாக்சைட் இருப்பதைப் போல நிலவில் கனிமம் கிடைத்தால் அது வெட்டியெடுப்பவருக்குச் சொந்தமாகுமா என்று விவாதியுங்கள்.