வேலைவாய்ப்புத் தீர்ப்பாய வழக்கைச் சமரசத்தில் முடிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிழக்கு லண்டனில் தொழிலாளர்களுக்கு இலவச ஆலோசனை வழங்கும் ஒரு நிலையத்தில் பல ஆண்டுகளாகத் தன்னார்வலராக இருக்கிறேன். காலக்கெடுவைத் தவறவிடாதீர்கள், சம்பளச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள் என்பவை எல்லோரும் சொல்பவை, அவற்றை விட்டுவிடுகிறேன். புதிதாகச் சேர்ந்த இருவர், தொடக்கத்தில் நான் செய்த பிழையையே ஒரே மாதத்தில் அடுத்தடுத்துச் செய்ததால் இதை எழுதுகிறேன்.

எல்லாவற்றையும் ஒரே தொகையாகப் பேசுவது

நான் அந்தப் பிழையைச் செய்தது, உணவகச் சமையலறையில் எட்டு ஆண்டுகள் உழைத்த 45 வயதுக்காரர் ஒருவரின் வழக்கில். வாரச் சம்பளம் 400 பவுண்ட். அறிவிப்புக் காலம் முழுவதும் வேலை பார்த்தும் கடைசி ஐந்து வாரச் சம்பளமான 2,000 பவுண்ட் வரவில்லை. ஆட்குறைப்பு இழப்பீடோ, 41 வயதுக்குப் பிந்தைய நான்கு ஆண்டுகளுக்கு ஒன்றரை வாரம் வீதமும், முந்தைய நான்குக்கு ஒரு வாரம் வீதமும் ஆகப் பத்து வாரச் சம்பளம், அதாவது 4,000 பவுண்ட். (விடுமுறைச் சம்பளத்தை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை என்பது தனி வெட்கம்.) முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையே சமரசம் பேசும் பொது அமைப்பான ஏகாஸின் (Acas) சமரச அலுவலர், முதலாளி தரப்பு 5,500 தருவதாகத் தொலைபேசியில் சொன்னார், வழக்கு முடிகிறதே என்ற நிம்மதியில், தொழிலாளரிடம் கேட்டுக்கொண்டு அங்கேயே சம்மதம் சொல்லிவிட்டேன்.

மறுநாள் வந்த சிஓடி3 (COT3) என்ற ஏகாஸ் ஒப்பந்தப் படிவத்தின் வரைவில், மொத்தத் தொகையும் பிடித்தங்களுக்கு உட்பட்டது என்றிருந்தது. ஆனால் வரி, தேசியக் காப்புறுதிப் பிடித்தங்கள் சம்பள நிலுவைக்கு உரியவை. ஆட்குறைப்பு இழப்பீடு 30,000 பவுண்டுக்குள் வரியற்றது. திருத்தம் கேட்டேன், முதலாளி தரப்பு மறுத்தது. இரு தரப்பும் ஏகாஸ் வழியாகச் சம்மதித்த கணமே ஒப்பந்தம் இருவரையும் கட்டிப்போடுகிறது, படிவம் அதன் எழுத்துப் பதிவு மட்டுமே என்பதை அன்றுதான் உணர்ந்தேன். இன்றும் எரிச்சலூட்டுவது, சமரச அலுவலரை நம் பக்கத்து வழக்கறிஞராக எண்ணிக்கொண்ட என் அப்பாவித்தனம். அவர் செய்தியைக் கொண்டுசெல்வார், தொகை போதுமா என்று சொல்ல மாட்டார்.

ஆகவே, எந்தத் தலைப்பில் எவ்வளவு, பிடித்தத்துக்கு முன்னா பின்னா, எந்தத் தேதிக்குள் என்ற மூன்றும் முடிவாகும்வரை “சரி” என்ற சொல் உங்கள் வாயிலிருந்து வரக் கூடாது. அதற்காகச் சம்பள நிலுவைக்கும் இழப்பீடு என்று பெயர் மாற்றி எழுதுவது வேறொரு வம்பு. வருவாய்த் துறை பெயரைப் பார்ப்பதில்லை.

முதலாளியின் வாய்ச்சொல்லை நம்பி வழக்கைத் திரும்பப் பெறுவது

செய்யாதீர்கள். திரும்பப் பெற்றது பொதுவாகத் தள்ளுபடியாகும். மறுபடி தொடுக்க முடியாது.

தள்ளாடும் நிறுவனத்திடம் தவணைக்கு ஒப்புவது

முதலில் நிறுவனங்களைப் பதிவுசெய்யும் அரசு அலுவலகமான கம்பெனிஸ் ஹவுஸின் பதிவேட்டை இலவசமாகப் பார்த்துவிடுங்கள். நிறுவனம் சட்டப்படி நொடித்துப்போனால், ஆட்குறைப்பு இழப்பீட்டையும் எட்டு வாரம் வரையிலான சம்பள நிலுவையையும், வார உச்சவரம்புக்கு உட்பட்டு, அரசின் தேசியக் காப்புறுதி நிதியிலிருந்து கோரலாம். நொடிக்காத நிறுவனம் தவணைதான் தரும் என்றால், ஒன்று தவறினாலும் மீதி முழுவதும் உடனே செலுத்தப்பட வேண்டும் என்ற வரியை ஒப்பந்தத்தில் சேர்த்த பிறகே சம்மதியுங்கள்.