உப்புக் கரைசல் கணக்கில் அடர்த்தி எங்கே வருகிறது?

நிறை சதவீத அடிப்படையில் 10% சோடியம் குளோரைடு கரைசல் 250 மி.லி. இருக்கிறது, அதில் உப்பு எவ்வளவு? பலரும் சட்டென்று 25 கிராம் என்பார்கள். தவறு. இந்தச் சதவீதம் நிறைக்கானது, கொடுத்திருப்பதோ கனஅளவு. இரண்டையும் இணைப்பது அடர்த்திதான்.

20 டிகிரி செல்சியஸில் இக்கரைசலின் அடர்த்தி சுமார் 1.071 கி/மி.லி. எனவே கரைசலின் நிறை 250 × 1.071 = 267.8 கிராம். உப்பு அதில் பத்தில் ஒரு பங்கு, 26.8 கிராம், மீதி 241 கிராம் நீர். உப்பின் நிறையை அதன் மோலார் நிறையான (ஒரு மோலின் நிறை, கிராமில்) 58.44 ஆல் வகுத்தால் 0.458 மோல், அதைக் கரைசலின் 0.250 லிட்டரால் வகுத்தால் 1.83 மோலார், அதாவது லிட்டருக்கு 1.83 மோல்.

நிறைகளைத் தயங்காமல் கூட்டலாம். கனஅளவுகளைக் கூட்டவே கூடாது: கரைந்த உப்பின் அயனிகள் நீர் மூலக்கூறுகளை நெருக்கி இழுப்பதால் மொத்தக் கனஅளவு கூட்டுத்தொகையைவிடக் குறையும். வெப்பநிலை ஏறினால் அடர்த்தி இறங்கும், நிறை மாறாது.