எட்டாவது முடிக்கிற பிள்ளைக்கு ஏப்ரல் முதல் ஜூன் வரை: ஒரு கணக்கு டீச்சர் சொல்வது

பல்லடம் பக்கத்தில் ஒரு ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். எங்கள் பள்ளி எட்டாவதோடு முடிந்துவிடும். இரண்டு வருடத்துக்கு முன் ஏப்ரலில் இருபது பேருக்கு மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பினோம். ஜூனில் பதினெட்டுப் பேர்தான் ஒன்பதாவதில் போய் உட்கார்ந்தார்கள். மீதி இரண்டு பையன்கள் பனியன் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார்கள். இருவரும் படிப்பு வராத பிள்ளைகள் அல்ல. லீவில் என்ன நடந்தது என்று யாரும் பார்க்கவில்லை, நான் உட்பட. அதிலிருந்து ஏப்ரல் பிறந்தால் பெற்றோரைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசிவிடுகிறேன். பேசுவது இதுதான்.

முதலில், "பாஸ்" என்ற சொல்லை நம்பி இருந்துவிடாதீர்கள். நம் மாநிலத்தில் எட்டாவது வரை எல்லாருக்கும் தேர்ச்சி உண்டு. ஒரு வகுப்பிலேயே நிறுத்திவைக்க முடிகிற முதல் வகுப்பு ஒன்பதாவதுதான். ஆறு, ஏழில் நூற்றுக்கு 40 மதிப்பெண் வளரறி மதிப்பீடு: சார்ட், ஆல்பம், வகுப்பில் செய்கிற சின்னச் சின்ன வேலைகள். மீதி 60தான் எழுத்துத் தேர்வு. பிள்ளை 70 வாங்கியிருக்கிறது என்றால், அதில் 38 சார்ட் வரைந்து வந்ததாகவும் இருக்கலாம். அப்படியானால் பரீட்சையில் 60க்கு 32தான். ஆகவே மொத்தத்தைக் கேட்காதீர்கள், எழுத்துத் தேர்வில் எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள். எட்டாவதுக்கு விடைத்தாளையே காட்டச் சொல்லுங்கள். காட்டுவோம். கேட்கிறவர்கள்தான் இல்லை.

லீவில் என்ன படிக்க வைப்பது? ஒன்பதாவது புத்தகத்தை மே மாதமே வாங்கி டியூஷனில் ஓட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பின்னால் விட்டதைப் பிடித்தால் போதும். போன வருடம் ஒரு பெண், நன்றாகப் படிக்கிறவள், −3 −5 = +8 என்று எழுதியிருந்தாள். ஏன் கண்ணு என்று கேட்டால், "மைனஸும் மைனஸும் சேர்ந்தா பிளஸ்ஸுன்னு நீங்கதானுங்க டீச்சர் சொன்னீங்க" என்கிறாள். சொன்னேன்தான், பெருக்கலுக்கு. "மளிகைக் கடையில் மூணு ரூபாய் கடன். மறுநாள் இன்னும் அஞ்சு ரூபாய் கடன். இப்போ கடைக்காரர் உனக்கு எட்டு ரூபாய் தருவாரா?" என்றேன். சிரித்துவிட்டாள். அப்புறம் அவள் அந்தத் தப்பைச் செய்யவில்லை. ஒன்பதாவதில் மெய்யெண்கள், இயற்கணிதம், ஆயத்தொலை வடிவியல் என்று வரிசையாக வரும். குறை எண் தடுமாறினால் அத்தனையும் தடுமாறும். குறை எண், பின்னம், சமன்பாட்டில் ஓர் உறுப்பைப் பக்கம் மாற்றுவது, (a+b)² விரிவு: இந்த நான்கும் போதும். காலையில் வெயில் ஏறுமுன் அரை மணி நேரம், ஐந்து கணக்கு. உங்களுக்குக் கணக்குத் தெரிய வேண்டியதில்லை, "எப்படி வந்துச்சு, சொல்லு" என்று கேட்டால் போதும். சொல்லத் தெரியாவிட்டால் பிள்ளை எங்கேயோ பார்த்து எழுதியிருக்கிறது.

தமிழுக்கு, தினத்தாளில் பத்து வரி சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். திக்கினால் திட்ட வேண்டாம், தினமும் நடந்தால் சரி.

ஏழாவது முடித்து எட்டாவது போகிற பிள்ளை வீட்டில் இருந்தால் ஒரு வேண்டுகோள்: ஏழாவது புத்தகங்களைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். எட்டாவதில் என்.எம்.எம்.எஸ். என்று ஒரு உதவித்தொகைத் தேர்வு வரும். மனத்திறனில் 90 கேள்வி, பாடங்களில் 90 கேள்வி. பாடப் பகுதிக்கு ஏழாவதும் படிக்க வேண்டும். தேர்வாகிவிட்டால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை மாதம் 1,000, வருடத்துக்கு 12,000 ரூபாய் பிள்ளையின் வங்கிக் கணக்குக்கே வரும். பெற்றோர் வருமானம் வருடம் 3,50,000க்குள் இருக்க வேண்டும். ஏழாவதில் 55 சதவீதம் வேண்டும், எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 50. அதனால் ஏழாவது ஆண்டுத் தேர்வு "சும்மா ஒரு பரீட்சை" இல்லை.

சான்றிதழ் விஷயம் சலிப்பானது, ஆனால் மே மாதம்தான் அதற்கு நேரம். எமிஸில், அதாவது கல்வித் துறையின் கம்ப்யூட்டர் பதிவில், இருக்கிற பெயர், இனிஷியல், பிறந்த தேதிதான் நாளைக்குப் பத்தாவது சான்றிதழில் ஏறும். ஆதாரில் ஒரு 'எச்' கூடுதல், பிறப்புச் சான்றிதழில் ஒரு 'எச்' குறைவு என்று இருக்கும். இப்போதே பள்ளியில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் பாருங்கள். பத்தாவது சான்றிதழ் வந்தபின் மாற்ற அலைகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார்கள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் இரண்டையும் இ-சேவை மையத்தில் கூட்டமில்லாத நாளில் முடித்துவிடுங்கள்.

நாங்கள் மாற்றுச் சான்றிதழ் கொடுத்ததும் பிள்ளையின் பெயர் எமிஸில் 'காமன் பூல்' என்ற இடத்துக்குப் போய்விடும். அடுத்த பள்ளி அங்கிருந்து எடுத்துக்கொள்ளும் வரை அது எந்தப் பள்ளிப் பிள்ளையும் இல்லை. சான்றிதழை பீரோவில் பத்திரமாக வைத்துக்கொண்டு "ஜூன்ல பார்த்துக்கலாமுங்க" என்று இருக்காதீர்கள். வாங்கிய வாரமே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள்.

சேர்க்கப் போகும்போது பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள், வண்டியில் வேண்டாம், டவுன் பஸ்ஸில். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, அம்மா போனால் செலவும் மிச்சம். எந்த ஸ்டாப்பில் இறங்குவது, எந்தப் பக்கம் ரோட்டைத் தாண்டுவது, கழிப்பறை எங்கே, தண்ணீர் எங்கே என்பதையெல்லாம் பிள்ளை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும். இருநூறு பேர் படிக்கிற பள்ளியிலிருந்து ஆயிரம் பேர் இருக்கிற இடத்துக்குப் போகிறார்கள். பெண் பிள்ளைகள் கழிப்பறைக்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் இருந்துவிட்டு, சாயங்காலம் தலைவலி என்று படுப்பார்கள். அதற்கு டாக்டர் தேவையில்லை.

இனி அந்த பிசிறு வெட்டுகிற கதை. லீவில் சும்மாதானே இருக்கிறான், ஒரு மாதம் போகட்டும் என்றுதான் எல்லாரும் அனுப்புகிறார்கள். 14 வயது நிரம்பாத பிள்ளையைக் கம்பெனி வேலைக்கு வைப்பது குற்றம், அது ஒரு பக்கம். வாரச் சம்பளம் கையில் வாங்கிய பையனுக்கு ஜூனில் யூனிஃபார்ம் மாட்டக் கை கூசும். அந்த இருவரில் ஒருவன் என்னிடமே கேட்டான்: "படிச்சுட்டும் இங்கதானே டீச்சர் வரணும்?" பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. வீட்டில் கஷ்டம் இருந்தால் முதலில் பள்ளிக்கு வந்து சொல்லுங்கள். எந்த உதவித்தொகைக்கு எழுதலாம் என்று பார்க்கலாம். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரி போகிறவர்களுக்கு, பெண்ணுக்குப் புதுமைப்பெண், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. அவனிடம் கடைசியில் அதைத்தான் கணக்குப் போட்டுக் காட்டினேன். அடுத்த வருடம் வந்து சேர்ந்தான். இன்னொருவன் வரவில்லை.

பள்ளி திறந்த முதல் இரண்டு வாரம் "இன்னிக்கு என்ன நடத்துனாங்க" என்று கேட்காதீர்கள். மதியம் யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டாய் என்று கேளுங்கள். சத்துணவு பத்தாவது வரை உண்டு, ஆனால் புது இடத்தில் தட்டை எடுத்துக்கொண்டு போக வெட்கப்பட்டுப் பட்டினி கிடக்கிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். "யாரும் இல்ல, தனியாத்தான்" என்று இரண்டு மூன்று நாள் பதில் வந்தால் எனக்கு ஒரு போன் போடுங்கள். நம் பழைய பிள்ளைகள் அங்கே பத்தாவதில் இருக்கிறார்கள், ஒருத்தியிடம் சொல்லி மறுநாள் பக்கத்தில் உட்கார வைத்துவிடலாம்.