விடியற்காலைக் கயாக்: நீச்சல் தெரியாதவள் சொல்லும் வழி

எனக்கு வயது 49. மதுரையில் தபால் ஆபீஸ் வேலை. நீச்சல் தெரியாது. இருந்தும் ராமேஸ்வரத்தில் வடகரையில் இருக்கும் சங்குமால் பக்கமிருந்து விடியற்காலையில் நாலு தடவை கயாக், அதாவது துடுப்புப் போட்டுப் போகும் சின்னப் படகில், போய் வந்துவிட்டேன். "எப்படிக்கா, பயமா இல்லையா?" என்று கவுன்ட்டரில் பணம் கட்ட வருகிறவர்கள்கூடக் கேட்கிறார்கள். அவர்களிடம் சொல்வதுதான் இது.

முதலில் காற்று. ராமேஸ்வரம் தீவுக்குத் தெற்கே மன்னார் வளைகுடா, அதை ஆண் கடல் என்பார்கள். வடக்கே பாக் விரிகுடா, பெண் கடல். வைகாசி பிறந்தால் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும். தெற்குக் கடல் கொந்தளிக்கும், வடகரையோ குளம் மாதிரி கிடக்கும். அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். காற்று தரையிலிருந்து கடலுக்குப் போகிறது, அதனால்தான் கரையோரம் அலை இல்லை. அதே காற்று உங்கள் கயாக்கையும் உள்ளே தள்ளிக்கொண்டே போகும். என் முதல் பயணம் ஒரு ஜூன் மாதம். போக 20 நிமிடம், துடுப்பே போடாத சுகம். திரும்பி வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கூட்டிப்போனவர் ஆறு கயாக்குக்கு ஒற்றை ஆள், கட்டி இழுக்க ஒரு கயிறுகூடக் கொண்டுவரவில்லை. அன்றைக்கு நான் கும்பிடாத சாமி இல்லை.

இப்போதெல்லாம் மாசி, பங்குனியில்தான் போகிறேன். வடக்கேயிருந்து வரும் வாடைக்காற்று ஓய்ந்திருக்கும், கச்சான் இன்னும் பிடித்திருக்காது. ஐப்பசி, கார்த்திகையில் மழையும் வாடையும் சேர்ந்து வரும், அப்போது வேண்டாம். விடியலில் போவதும் சூரியனுக்காக மட்டுமில்லை. வெயில் ஏறித் தரை சூடான பிறகுதான் கடற்காற்று கிளம்பும், அதற்குள் நாம் கரைக்கு வந்துவிடலாம். பிப்ரவரி நடுவில் அங்கே சூரியன் ஆறரை மணி சுமாருக்கு எழும். 5.45-க்குக் கரையில் நில்லுங்கள், 8 மணிக்குத் திரும்பிவிடுங்கள். அப்படியென்றால் முதல் நாள் இரவே ஊரில் தங்கியாக வேண்டும்.

பணம் கட்டுவதற்கு முன் வழிகாட்டியிடம் நாலு கேள்வி கேளுங்கள். எத்தனை கயாக்குக்கு நீங்கள் ஒருவர்? இழுக்கும் கயிறு, உபரித் துடுப்பு, விசில் இருக்கிறதா? காற்று மாறினால் எந்த இடத்தில் கரை ஏறுவோம்? இன்று போக வேண்டாம் என்று கடைசியாக எப்போது யாரைத் திருப்பி அனுப்பினீர்கள்? கடைசிக் கேள்விக்கு உடனே பதில் வந்தால் அந்த ஆளை நம்பலாம். இப்போது என்னைக் கூட்டிப்போகும் தம்பி மீனவர் வீட்டுப் பிள்ளை. "போன வாரம்தான்க்கா, சென்னையிலேர்ந்து வந்தவங்க. சண்டையே போட்டாங்க" என்றார். அன்றே முடிவு செய்துவிட்டேன்.

லைஃப் ஜாக்கெட்டைப் போட்டதும் தோள்பட்டையைப் பிடித்து யாரையாவது மேலே இழுக்கச் சொல்லுங்கள். காது வரை ஏறினால் தளர்வு, இறுக்கிக் கட்டுங்கள். துப்பட்டா, ஜீன்ஸ் இரண்டும் வேண்டாம். சீக்கிரம் காயும் முழுக்கைச் சட்டை, பழைய கேன்வாஸ் ஷூ போதும், சிப்பி காலைக் கிழிக்காது. கண்ணாடி போடுபவர்கள் அதைக் கயிறு கட்டி மாட்டிக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். வயிற்றுக்கு இரண்டு வாழைப்பழமும் டீயும் போதும், இட்லி பிறகு.

ஆரம்பக்காரர்களுக்குத் தருவது பெரும்பாலும் மேலே உட்காரும் வகைக் கயாக். அதன் அடியில் ஓட்டைகள் இருக்கும். முதல் நாள் அதில் தண்ணீர் எட்டிப் பார்த்ததும் நான் போட்ட கூச்சல் கரை வரை கேட்டிருக்கும். மேலே விழும் தண்ணீர் வடிவதற்குத்தான் அந்த ஓட்டை. கயாக் அதனால் மூழ்காது.

இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு தடவை வேண்டுமென்றே கவிழ்ந்து பாருங்கள். மற்றதை எல்லாம் விட்டாலும் இதை விடாதீர்கள். விழுந்ததும் கயாக்கையும் துடுப்பையும் விடக் கூடாது. கயாக்கை நிமிர்த்துங்கள், தண்ணீரில் கால்களை உதைத்தபடி வயிறு குறுக்கே படும்படி மேலே ஏறுங்கள், அப்புறம் புரண்டு உட்காருங்கள். எனக்கு ஐந்தாவது முயற்சியில்தான் வந்தது. அதற்குப் பிறகு பயம் பாதியாகிவிட்டது. விடியலில் காற்றை விடத் தண்ணீர்தான் வெதுவெதுப்பு, அதனால் விழுவதும் அவ்வளவு கஷ்டமில்லை. மணலில் இறங்கும்போது மட்டும் காலைத் தேய்த்துத் தேய்த்து நடங்கள், வாலில் முள் உள்ள திருக்கை மீன் படுத்திருந்தால் விலகிப் போய்விடும்.

துடுப்பைக் கால்விரல் பக்கம் தண்ணீரில் இறக்கி, இடுப்புக்கு நேரே வரும்போது எடுத்துவிடுங்கள். இழுக்க வேண்டியது கை இல்லை, இடுப்புக்கு மேல் உடம்பு முழுக்கத் திரும்ப வேண்டும். இரண்டு பேர் கயாக் என்றால் முன்னால் இருப்பவர் தாளம், பின்னால் இருப்பவர் திசை. கணவன் மனைவி சேர்ந்து போனால் யார் பின்னால் என்பதைக் கரையிலேயே பேசி முடித்துவிடுங்கள்.

கார்க்கோ பிளாஸ்டிக் பாட்டிலோ வரிசையாக மிதந்தால் கீழே வலை இருக்கிறது, சுற்றிப் போங்கள். துடுப்பில் சிக்கி அறுந்தால் நஷ்டம் மீனவர்களுக்கு. விசைப்படகு கடந்தால் கயாக்கின் மூக்கை அது கிளப்பும் அலைக்கு நேராகத் திருப்புங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுத் தொல்லை இருக்காது. ஆனால் அப்போதுதான் கச்சானும் தொடங்குகிறது. ஓலைக்குடா பக்கம் ஆழம் குறைவு, அடியில் பவளப்பாறை தெரியும். அதன்மேல் காலை ஊன்றாதீர்கள்.

சூரியன் வரும்போது துடுப்பை மடியில் வைத்துவிட்டுச் சும்மா இருங்கள். போனை நான் உறையிலிருந்து எடுப்பதில்லை, ஒன்று ஏற்கெனவே கடலுக்குப் போய்விட்டது. அப்படிச் சும்மா இருக்கும்போதும் கரையில் ஒரு பனைமரத்தையோ கோபுரத்தையோ அடையாளம் வைத்துப் பார்த்துக்கொண்டே இருங்கள். அது சின்னதாகிக்கொண்டே போனால் நீங்கள் நகர்கிறீர்கள், உடனே திரும்புங்கள்.

மறுநாள் உடம்பு வலிக்கும். தோளில் வலித்தால் கையால் இழுத்திருக்கிறீர்கள். விலாவில் வலித்தால் சரியாகப் போட்டிருக்கிறீர்கள். எனக்கு விலா வலித்தது நாலாவது தடவைதான்.