திறந்தவெளி மேடைக்கு பாஸ் பெட்டி: ஹார்னா, ரிஃப்ளெக்ஸா?

திறந்தவெளி நிகழ்ச்சிகளுக்கு ஒலியமைக்கத் தொடங்குபவர்கள் முதலில் கேட்பது, எந்த பாஸ் பெட்டி அதிகம் அடிக்கும் என்பதுதான். ஸ்பீக்கரின் வாட் கணக்கை மட்டும் பார்த்து இதற்கு விடை சொல்ல முடியாது. ஏனெனில் ஒரே 18 அங்குல ஸ்பீக்கர் ஒவ்வொரு வகைப் பெட்டியிலும் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்ளும். பெட்டியின் உள்ளமைப்பு, எத்தனை பெட்டிகள் இருக்கின்றன, நடுத்தர, உயர் ஒலிகளைத் தரும் டாப் பெட்டிகளோடு அவற்றின் ஒலி எந்த நேரத்தில் வந்து சேருகிறது ஆகிய மூன்றையும் பார்த்தாக வேண்டும். மிக்சர், ஆம்ப், டி.எஸ்.பி. (ஃபில்டர், டிலே, லிமிட்டர் அமைக்கும் டிஜிட்டல் கருவி) ஆகியவற்றை இணைக்கத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

படி 1: டார்ச் அடித்துப் பாருங்கள்

முன்புற வலையைக் கழற்றுங்கள். கோன் (ஸ்பீக்கரின் அசையும் கூம்பு) முழுதாக முன்னால் தெரிந்து, அதன் அருகில் வட்டத் துளையோ நீண்ட பிளவோ இருந்தால் அது ரிஃப்ளெக்ஸ். எந்தத் துளையும் இல்லையென்றால் மூடிய பெட்டி. மேடை வேலையில் இதை அரிதாகவே காண்பீர்கள். கோன் தெரியாமல் துளைகள் மட்டும் தெரிந்தால் பேண்ட்பாஸ். கோன் தெரியாமல், பலகைகள் மடிந்து மடிந்து உள்ளே செல்லும் அகன்ற வாய் மட்டும் தெரிந்தால் மடித்த ஹார்ன். கோன் மேலே நேராக நிற்க, கீழே வளைந்த பலகையோடு பெரிய வாய் திறந்திருந்தால் ஸ்கூப். கோனின் இரு பக்க ஒலியையும் ஒரே ஹார்னுக்குள் இரு வேறு இடங்களில் செலுத்தும் டாப்டு ஹார்னும் உண்டு. வடிவமைப்பாளர் டாம் டான்லியின் பெயரோடு அறியப்படும் அந்த அமைப்பில், கோனின் ஒரு பக்கம் வாய்க்கு அருகிலேயே இருக்கும்.

படி 2: ஒவ்வொன்றும் என்ன செய்கிறது?

மூடிய பெட்டியில் தாழ்ந்த ஒலி ஓர் ஆக்டேவுக்கு (அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறைக்கும்) 12 டெசிபல் வீதம் மெதுவாகக் குறையும். ரிஃப்ளெக்ஸில் துளை எந்த அதிர்வெண்ணுக்கு ட்யூன் செய்யப்பட்டிருக்கிறதோ, அங்கே துளைதான் பெரும்பகுதி ஒலியைத் தரும். கோன் அந்த இடத்தில் மிகக் குறைவாக அசையும். அதற்குக் கீழே போனால் ஒலி 24 டெசிபல் வீதம் சரிவதோடு, கோனைப் பிடித்து நிறுத்தக் காற்றின் எதிர்ப்பும் இல்லாமல் போய்விடும். ஆகவே ரிஃப்ளெக்ஸ் பெட்டிக்கு, மிகத் தாழ்ந்த ஒலியை வெட்டும் ஹைபாஸ் ஃபில்டர் கட்டாயம். துளையின் கணக்கை ஊகத்தில் விடாதீர்கள். நெவில் தீல் 1961இல் வெளியிட்டு, பின்னர் ரிச்சர்ட் ஸ்மால் விரித்த அளபுருக்கள் (ஸ்பீக்கரின் இயல்பைக் காட்டும் எண்கள்) ஸ்பீக்கரின் விவரத்தாளிலேயே இருக்கும். அவற்றை வின்ஐஎஸ்டி என்னும் இலவச மென்பொருளில் இட்டால் போதும்.

ஹார்ன் வேறு வழியில் வேலை செய்கிறது. கனமான கோனுக்கும் இலேசான காற்றுக்கும் உள்ள பொருத்தமின்மையை, குறுகிய தொண்டையிலிருந்து படிப்படியாக விரியும் குழாய் சரிக்கட்டுகிறது. நாகசுரத்தின் விரிந்த வாய்ப்பகுதியான அணசு செய்யும் வேலைக்கு இது நெருங்கிய உறவு. அதே வாட்டுக்கு அதிக ஒலி கிடைக்கும், கோனும் குறைவாக அசையும். விலையாகக் கொடுப்பது இடம், எடை, தச்சு வேலை ஆகியவற்றை. 40 ஹெர்ட்ஸில் கால் அலைநீளமே 2 மீட்டருக்குமேல் வருவதால்தான் குழாயை மடிக்க வேண்டியிருக்கிறது. வடிவமைப்பவர்கள் டேவிட் மக்பீனின் ஹார்ன்ரெஸ்ப் மென்பொருளைத் தவிர வேறொன்றைத் தேட வேண்டாம் என்பது என் கருத்து. பலகை 18 மில்லிமீட்டர் பிர்ச் பிளைவுட்டாக இருக்கட்டும், எம்.டி.எஃப். பலகையில் செய்த பெட்டி லாரியில் ஏறி இறங்கியே மூலை உதிர்ந்துவிடும்.

படி 3: பெட்டிகளை எண்ணுங்கள்

ஹார்னின் வாய் போதிய பரப்புடன் இருந்தால்தான் அது தாழ்ந்த ஒலியில் ஹார்னாக வேலை செய்யும். 40 ஹெர்ட்ஸுக்குத் தரையில் வைத்த நிலையில் ஏறத்தாழ 3 சதுர மீட்டர் வாய் வேண்டும். ஒரு பெட்டியின் வாய் அரைச் சதுர மீட்டர் என்றால், ஆறு பெட்டிகளை ஒட்டி அடுக்கினால்தான் கணக்கு நிறைகிறது. நடைமுறையில் நான்கே ஏற்கத்தக்கவாறு ஒலிக்கும். தனியாக நிற்கும் ஒற்றை ஹார்ன் பெட்டி, 60 ஹெர்ட்ஸுக்கு மேலே முழங்கிவிட்டு அதற்குக் கீழே மெலிந்துபோவதைப் பலர் ஸ்பீக்கரின் குறை என்று நினைக்கிறார்கள். ஆகையால் உங்களிடம் இரண்டே பெட்டிகள் என்றால், தயங்காமல் ரிஃப்ளெக்ஸ் வாங்குங்கள். நான்கோ அதற்குமேலோ இருந்தால் ஹார்னை யோசிக்கலாம். அவற்றை மேடையின் இருபுறமும் பிரிக்காமல் நடுவில் ஒன்றாக வைக்க வேண்டும்.

ஹார்ன் பாஸ் தூரம் போகும் என்ற நம்பிக்கையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். திறந்த மைதானத்தில் தூரம் இரட்டிக்கும்போது ஒலி 6 டெசிபல் குறைவது எல்லாப் பெட்டிக்கும் பொதுவான விதி. ஹார்ன் தொடக்கத்திலேயே உரக்க ஒலிப்பதாலும், பாஸின் மேற்பகுதியை அழுத்தமாகத் தருவதாலும், கடைசி வரிசையில் அது கூடுதலாகக் கேட்கிறது.

படி 4: ஃபில்டர்கள்

ரிஃப்ளெக்ஸுக்கு ட்யூன் செய்த அதிர்வெண்ணுக்குச் சற்றுக் கீழே 24 டெசிபல் ஹைபாஸ். ஹார்னுக்கும் அதன் கீழ் எல்லையில் அதுவே. பாஸ் பெட்டியின் மேல் எல்லை 90 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கட்டும்.

படி 5: நேரத்தைச் சேர்த்தல்

பெரும்பாலானோர் தடுக்கி நிற்கும் இடம் இதுவே. மடித்த ஹார்னில் கோனிலிருந்து கிளம்பும் ஒலி மடிப்புகளையெல்லாம் கடந்துதான் வாய்க்கு வருகிறது. மேலே வைத்த டாப் பெட்டியின் ஒலியோ உடனே கிளம்பிவிடுகிறது. எனவே டாப் பெட்டிக்கு டிலே (தாமதம்) கொடுக்க வேண்டும். அளவுநாடாவை எடுத்து, கோனிலிருந்து வாய் வரை மடிப்புகளின் நடுக்கோட்டைப் பின்பற்றி அளந்துகொள்ளுங்கள். அது 2.4 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நம் ஊரின் 30 டிகிரி மாலை வெப்பத்தில் ஒலி நொடிக்கு சுமார் 349 மீட்டர் செல்லும், வகுத்தால் 6.9 மில்லிசெகண்டு. இதுதான் தொடக்க எண்.

அடுத்து, மைதானத்தின் நடுவில் நின்று 90 ஹெர்ட்ஸ் ஒலியை இடுங்கள். டாப்பும் சப்பும் (பாஸ் பெட்டி) தனித்தனியே ஒரே அளவில் கேட்குமாறு சரிசெய்த பின், சப்பின் போலாரிட்டியை (கூட்டல், கழித்தல் முனைகளை) மாற்றிவிட்டு, தொடக்க எண்ணிலிருந்து டிலேயைச் சிறிது சிறிதாக நகர்த்துங்கள். ஓரிடத்தில் ஒலி சட்டென்று வற்றும். அங்கே நிறுத்தி, போலாரிட்டியைப் பழையபடி மாற்றினால், அந்த அதிர்வெண்ணில் இரண்டும் முழுமையாகக் கூடும். உரக்கக் கேட்கும் இடத்தைக் காது துல்லியமாகப் பிடிக்காது. வற்றும் இடத்தைப் பிடித்துவிடும். ஃபில்டர்களும் தாமதம் சேர்ப்பதால் விடை நாடாக் கணக்கிலிருந்து சற்று விலகலாம். 11 மில்லிசெகண்டு தள்ளி நின்றால், 90 ஹெர்ட்ஸில் ஒரு முழு அலை தவறிவிட்டது என்று பொருள். நாடாவில் தொடங்கச் சொன்னது அதற்காகத்தான். அளவீட்டு மைக் வைத்திருப்பவர்கள் ஆர்.ஈ.டபிள்யூ. மென்பொருளில் ஃபேஸ் (அலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பது) கோட்டையே பார்த்துக்கொள்ளலாம். கைப்பேசிச் செயலிகளை இந்த வேலைக்கு நான் நம்புவதில்லை.

பின்சேர்க்கை: ஸ்கூப்புக்கும் இதே கணக்கா என்று சிலர் கேட்டிருந்தார்கள். பொருந்தாது. ஸ்கூப்பில் கோனின் முன்பக்கம் நேராகவே ஒலிக்க, பின்பக்க ஒலி மட்டும் ஹார்ன் வழியே வருகிறது. 2.4 மீட்டர் பாதையில் இவ்விரண்டும் 73 ஹெர்ட்ஸ் அருகே கூடும். 145 ஹெர்ட்ஸில் ஒன்றையொன்று அழிக்கும். ஸ்கூப்பை 100 ஹெர்ட்ஸுக்குமேல் ஓட்டக் கூடாது என்பதற்குக் காரணம் இதுவே. அதன் டிலேயை அந்த வற்றும் இடத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இரண்டு ரிஃப்ளெக்ஸும் இரண்டு ஹார்னும் கையில் இருக்கின்றன, சேர்த்து அடிக்கலாமா என்பது இன்னொரு கேள்வி. 2.9 மீட்டர் பாதையுள்ள ஹார்ன் 8.3 மில்லிசெகண்டு பிந்தும். அது 60 ஹெர்ட்ஸின் அரை அலை. கிக் டிரம் ஒலிக்கும் இடத்திலேயே இரு வகைப் பெட்டிகளும் ஒன்றையொன்று விழுங்கும். ரிஃப்ளெக்ஸுக்குத் தனி அவுட்புட்டும் டிலேயும் கொடுத்தாலும், ஃபேஸ் எல்லா அதிர்வெண்ணிலும் ஒத்துப்போகாது. ஒரு வகையை லாரியிலேயே விட்டுவிடுங்கள்.

படி 6: லிமிட்டர்

ரிஃப்ளெக்ஸை மீறி ஓட்டினால் துளைக்காற்று சீறும், கோன் தடதடக்கும். காதுக்கு எச்சரிக்கை கிடைத்துவிடும். ஹார்னில் கோன் அதிகம் அசையாததால் ஒலி சுத்தமாகவே இருக்க, கோனை அசைக்கும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயில் உள்ளே கருகிக்கொண்டிருக்கும். 8 ஓம், 800 வாட் ஸ்பீக்கர் என்றால் 80 வோல்ட்தான் எல்லை. நீண்ட நிகழ்ச்சிக்கு சராசரி வோல்ட்டை எல்லைக்குள் நிறுத்தும் ஆர்.எம்.எஸ். லிமிட்டரை அதற்கும் கீழே, 55 முதல் 60 வோல்ட்டுக்குள் வைத்துப் பூட்டிவிடுங்கள்.