26/11-க்குப் பிறகு என்.எஸ்.ஜி. எப்படி மாறியது: ஒரு தாளும் பேனாவும் எடுங்கள்

மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு கருப்புப் பூனைப் படை எனப்படும் என்.எஸ்.ஜி.யில் (தேசியப் பாதுகாப்புப் படை) என்ன மாறியது என்று தேடினால், முதலில் வந்து விழுவது துப்பாக்கிப் பெயர்கள்தான். அதை ஓரமாக வையுங்கள். ஒரு தாளில் 2008 நவம்பர் 26 இரவை மணிவாரியாக எழுதுங்கள்.

இரவு ஒன்பதரை வாக்கில் தீவிரவாதிகள் சுடத் தொடங்குகிறார்கள். என்.எஸ்.ஜி. இருப்பதோ ஹரியானாவின் மானேசரில். வீரர்களை ஏற்ற வேண்டிய ஐஎல்-76 விமானம் சண்டிகரில் நிற்கிறது, அது டெல்லிக்கு வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு மும்பையில் இறங்குவதற்குள் விடியும் நேரம் ஆகிவிட்டது. அப்புறம் விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் போகக் கிடைத்தது பெஸ்ட் பஸ், மும்பைக்காரர்கள் தினமும் வேலைக்குப் போகிற அதே பஸ். அந்த நேரமெல்லாம் தாஜ் ஹோட்டல் அறைகளில் ஆட்கள் கதவைப் பூட்டிக்கொண்டு காத்திருந்தார்கள் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள், இல்லாவிட்டால் இது வெறும் கால அட்டவணையாகிவிடும்.

சரி, இப்போது நேரம் வீணான ஒவ்வொரு இடத்துக்கும் எதிரே பின்னால் வந்த மாற்றத்தை எழுதுங்கள். தூரத்துக்கு எதிரே: 2009-ல் மும்பை, சென்னை, ஹைதராபாத், கொல்கத்தாவில் என்.எஸ்.ஜி. மையங்கள் (சென்னை மையம் வண்டலூர் பக்கம் நெடுங்குன்றத்தில்). விமானத்துக்கு எதிரே: அவசரத்தில் தனியார் விமானத்தையும் கேட்டு எடுத்துக்கொள்ள என்.எஸ்.ஜி. தலைவருக்கு அதிகாரம். முதலில் போய் நின்ற போலீசிடம் சரியான ஆயுதமும் பயிற்சியும் இல்லாததற்கு எதிரே மகாராஷ்டிரா போலீசின் கமாண்டோ படையான ஃபோர்ஸ் ஒன், தீவிரவாதிகள் வந்த கடல்வழிக்கு எதிரே கடற்படையின் கரையோரக் காவல் பிரிவான சாகர் பிரஹரி பல்.

பலரும் விட்டுவிடுகிற ஒரு வரி உண்டு: ஆட்கள். என்.எஸ்.ஜி.க்குள் இரண்டு பிரிவுகள். ராணுவத்திலிருந்து வருகிறவர்கள் எஸ்.ஏ.ஜி., நேரடித் தாக்குதல் அவர்கள் வேலை. மத்திய போலீஸ் படைகளிலிருந்து வருகிறவர்கள் எஸ்.ஆர்.ஜி., இவர்களில் பலர் வி.ஐ.பி.க்களுக்குக் காவல் நின்றார்கள். இப்படிப் பயிற்சி பெற்றவர்களைத் தலைவர்களின் கார் பக்கத்தில் நிறுத்துவது எனக்கு எப்போதுமே ஆற்றாமையாக இருந்தது. அந்தப் பொறுப்பை முழுதாக மத்திய ரிசர்வ் போலீஸ் படையான சி.ஆர்.பி.எஃப்.பிடம் மாற்ற 2024-ல்தான் முடிவெடுத்தார்கள், பதினாறு வருடம் கழித்து.

கடைசியாக, எழுதியதைச் சோதியுங்கள். 2016 ஜனவரி, தீவிரவாதிகள் தாக்கிய பஞ்சாபின் பதான்கோட் விமானப்படைத் தளம். இந்த முறை தாக்குதல் தொடங்கும் முன்பே என்.எஸ்.ஜி. அங்கே போய்ச் சேர்ந்திருந்தது, ஆகவே நேரக் கணக்கு தேறிவிட்டது. ஆனால் சுற்றிலும் ராணுவம் இருக்கிற இடத்துக்கு இந்தப் படையை ஏன் முன்னால் அனுப்பினீர்கள் என்ற கேள்வி அரசை நோக்கி எழுந்தது. இறந்துகிடந்த தீவிரவாதி உடலைக் கையாளும்போது குண்டு வெடித்து லெப்டினன்ட் கர்னல் நிரஞ்சன் உயிரிழந்தார். அந்த இரண்டுக்கும் தாளில் புதிதாக ஒவ்வொரு வரி போட்டு, எதிரே எழுத என்ன இருக்கிறது என்று தேடத் தொடங்குங்கள்.