பிரிட்டனில் கடனை அடைக்க வழி தேடும் முன்: நீலகிரியிலிருந்து கிளம்பும் தம்பி தங்கைகளுக்கு

விடுமுறையில் கோத்தகிரிக்கு வரும்போதெல்லாம் யாராவது வீட்டுக்கு வந்து, "அக்கா, விசா வந்துடுச்சு, என்னென்ன எடுத்துட்டுப் போகணும்?" என்று கேட்கிறார்கள். குளிர் நமக்குப் புதிதில்லை, அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கடனைப் பற்றித்தான் உட்கார வைத்துச் சொல்கிறேன்.

இங்கே பச்சைத் தேயிலை விலை இறங்கினால் இலை ஏஜென்ட்டிடம் முன்பணம் வாங்குகிறோம், சொசைட்டியில் நகையை வைக்கிறோம். விலை ஏறும்போது கழித்துக்கொள்கிறார்கள். அப்பா எவ்வளவு கடன் வைத்திருக்கிறார் என்று அவர் வேலை செய்த ஃபேக்டரியில் யாரும் கேட்டதில்லை. அந்த நினைப்போடுதான் நாம் விமானம் ஏறுகிறோம். பிரிட்டனில், கடனை அடைக்க நீங்கள் போட்ட ஏற்பாடே உங்கள் மேலாளரின் மேசைக்கு வந்துவிடலாம்.

குன்னூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவர், பெயர் வேண்டாம், லீட்ஸில் ஒரு நிதி நிறுவனத்தின் கால் சென்டரில் இருந்தார். அக்கா கல்யாணத்துக்கு மூன்று கிரெடிட் கார்டிலிருந்து பணம் எடுத்து அனுப்பினார். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டு வந்ததில் வட்டி ஏறிக்கொண்டே போனது. போனில் வந்த ஒரு விளம்பரத்தை நம்பி ஐ.வி.ஏ.வில், அதாவது கடனைத் தவணையில் அடைக்கக் கடன் கொடுத்தவர்களோடு சட்டப்படி போடும் ஒப்பந்தத்தில், கையெழுத்துப் போட்டார். வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு வருடம் கழித்து வீட்டுக் கடன் ஆலோசகராகப் பதவி உயர்வு வந்தது. கடன் கொடுத்தவர்களோடு ஏதாவது ஏற்பாடு செய்திருக்கிறீர்களா என்று படிவத்தில் ஒரு கேள்வி. "இல்லை" என்று எழுதிவிட்டார். சோதனையில் தெரிந்துபோனது. பதவி உயர்வும் போய், பொய் சொன்னதற்கான விசாரணையில் இருந்த வேலையும் போனது. அவர் கடன்பட்டதற்காக யாரும் அவரை அனுப்பவில்லை. அந்த ஒரு சொல்தான் அனுப்பியது. அந்தப் படிவம் வந்த அன்று என்னிடம் கேட்டிருந்தால் என்று இன்றும் நினைக்கிறேன்.

ஐ.வி.ஏ. 1986ஆம் ஆண்டுத் திவால் சட்டத்தில் வந்தது. உரிமம் பெற்ற நிபுணர் ஒருவர் திட்டம் போடுவார். கடன் கொடுத்தவர்களில் வாக்களிப்பவர்கள், தொகைக் கணக்கில் 75 சதவீதம் ஒத்துக்கொண்டால் அது எல்லோரையும் கட்டுப்படுத்தும். வழக்கமாக 5 அல்லது 6 வருடம் தவணை கட்ட வேண்டும். ஸ்காட்லாந்தில் இதற்குப் பதில் டிரஸ்ட் டீட் என்று வேறொன்று உண்டு. ஐ.வி.ஏ. போட்டவர் பெயர் அரசின் பொதுப் பதிவேட்டில் ஏறும். யாரும் காசில்லாமல் தேடிப் பார்க்கலாம். கிரெடிட் ரிப்போர்ட்டில் ஆரம்பித்த நாளிலிருந்து 6 வருடம் நிற்கும்.

வேலை கொடுப்பவர் கிரெடிட் சோதனை செய்தால் எல்லாவற்றையும் பார்த்துவிடுவார் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. கார்டில் எவ்வளவு பாக்கி, ஸ்கோர் எவ்வளவு என்பதெல்லாம் பொதுவாக அவர்களுக்குப் போகாது. திவால், ஐ.வி.ஏ., கடன் பாக்கிக்காக வந்த கவுன்டி கோர்ட் தீர்ப்பு, வாக்காளர் பட்டியல் போன்ற பொதுப் பதிவுகள்தான் போகும். உங்களுக்குத் தெரிவிக்காமல் பார்க்கவும் கூடாது. அந்தச் சோதனையால் ஸ்கோர் குறையாது.

எல்லா வேலைக்கும் இந்தச் சோதனை கிடையாது. நர்ஸாகப் போகும் தங்கைகள் கலங்க வேண்டாம். என்.ஹெச்.எஸ். என்ற அரசு மருத்துவச் சேவையில் வேலைக்கு முன் பார்க்கும் ஆறு சோதனைகளில் கிரெடிட் இல்லை. வங்கி, காப்பீடு, முதலீடு என்று போகிறவர்கள்தான் கவனமாக இருக்க வேண்டும். அங்கே 2016 முதல் வங்கிகளிலும், 2018 டிசம்பரிலிருந்து காப்பீட்டு நிறுவனங்களிலும், 2019 டிசம்பரிலிருந்து மற்ற நிதி நிறுவனங்களிலும் ஒரு விதிமுறை நடப்பில் இருக்கிறது. முக்கியப் பொறுப்பில் இருப்பவர் தகுதியானவர்தானா என்று நிறுவனமே வருடா வருடம் சான்று தர வேண்டும். நேர்மை, திறமை, பண விஷயத்தில் ஒழுங்கு என்று மூன்றையும் பார்ப்பார்கள். கையில் பணம் குறைவு என்பது மட்டுமே ஒருவரைத் தகுதியற்றவர் ஆக்காது என்று அங்குள்ள நிதித் துறை ஒழுங்குமுறை ஆணையமே எழுதி வைத்திருக்கிறது. இந்த வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வக்கீல், கணக்காளர் ஆகியோருக்கு அவரவர் தொழில் அமைப்பின் விதி தனி, அதைக் கேட்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். அரசுப் பாதுகாப்பு அனுமதி தேவைப்படும் வேலையிலும் கிரெடிட் பார்ப்பார்கள்.

அதனால் கடன் முற்றினால் முதலில் எடுக்க வேண்டியது உங்கள் வேலை ஒப்பந்தம். திவால், ஐ.வி.ஏ. பற்றித் தெரிவிக்க வேண்டும் என்று சில ஒப்பந்தங்களில் ஒரு பத்தி இருக்கும். அதைப் படித்த பிறகு ஸ்டெப்சேஞ்ச், நேஷனல் டெட்லைன், சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற மூன்று கடன் ஆலோசனை அமைப்புகளில் ஒன்றைக் கூப்பிடுங்கள். மூன்றுமே இலவசம். என்ன வேலை செய்கிறீர்கள், எந்தப் பதவிக்குப் போக ஆசை என்பதை அவர்களிடம் முதலிலேயே சொல்லுங்கள். இங்கிலாந்து, வேல்ஸில் 2021 மே முதல் அவர்கள் மூலம் 60 நாள் அவகாசம் வாங்கலாம். அந்த நாட்களில் பெரும்பாலான கடன்களுக்கு வட்டி ஏறாது, வசூல் தொந்தரவும் இருக்காது. கடன் கொடுத்தவர்களோடு பேசித் தவணையைக் குறைத்துக் கட்டும் டெட் மேனேஜ்மென்ட் பிளான் என்ற ஏற்பாடு பொதுப் பதிவேட்டில் ஏறாது. ஆனால் அது நடக்கும்போதே கடன் கொடுத்தவர் கோர்ட்டுக்குப் போனால் தீர்ப்பு ஏறிவிடும். அப்படி வந்தாலும் ஒரு மாதத்துக்குள் முழுதாகக் கட்டினால் பதிவிலிருந்து எடுத்துவிடுவார்கள். இல்லாவிட்டால் 6 வருடம்.

கூடலூர்த் தங்கை ஒருத்திக்கும் ஐ.வி.ஏ. போட வேண்டி வந்தது. அவள் கையெழுத்துக்கு முன்பே மேலாளரிடம் போய், ஏன் கடன் வந்தது, எப்படிக் கட்டப் போகிறேன் என்று ஒரு பக்கக் கடிதம் கொடுத்தாள். பணம் கையாளாத பிரிவுக்கு ஒரு வருடம் மாற்றினார்கள். பிறகு உயர்வும் கிடைத்தது. எல்லா இடத்திலும் இப்படி நடக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் ஸ்பான்சர் விசாவில் இருப்பவருக்கு வேலை போனால், வேறு ஸ்பான்சரைத் தேடவோ நாடு திரும்பவோ பொதுவாக 60 நாள்தான் கிடைக்கும். ஒளித்து வைத்துப் பார்க்க அது போதாது.

ஊர்க் கடனையும் மறக்காதீர்கள். இங்குள்ள கல்விக் கடன் பிரிட்டன் ரிப்போர்ட்டில் வராது, ஆனால் தவணை தவறினால் கூடக் கையெழுத்துப் போட்ட அப்பா அம்மாவின் சிபில் கெடும். திரும்பி வந்து வங்கி வேலைக்கு முயன்றால் உங்களுக்கும் அது தடையாக நிற்கும். சிபில் சரியில்லை என்று ஸ்டேட் வங்கி ஒரு நியமனத்தை ரத்து செய்ததை 2025இல் சென்னை உயர் நீதிமன்றம் சரி என்றது.

ஏற்கெனவே ஐ.வி.ஏ.வில் இருப்பவர்கள், கடைசித் தவணை கட்டியதும் முடிவுச் சான்றிதழை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். மூன்று மாதத்தில் பொதுப் பதிவேட்டிலிருந்து பெயர் நீங்கியதா என்று நீங்களே தேடிப் பாருங்கள். எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் என்ற மூன்று கிரெடிட் ரிப்போர்ட் நிறுவனங்களிலும் இலவச ரிப்போர்ட் எடுத்து, பழைய பாக்கி இன்னும் திறந்திருப்பதாகக் காட்டினால் சான்றிதழை அனுப்பித் திருத்தச் சொல்லுங்கள். பதவி உயர்வுப் படிவம் கைக்கு வருவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள்.